ஆபரேஷன் இல்லாமல் புராஸ்டேட்டைச் சரிபண்ண முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே நிலைமையில் இருக்கிற வேறு பிள்ளைகளும் படிப்பார்கள். கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கிறார். அப்பாவுக்கு 69 வயது, வீரவநல்லூரில் விவசாயம். ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறார். ஸ்கேனில் புராஸ்டேட் 62 கிராம். அதன் நடு மடல் சிறுநீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. போய்விட்டு வந்த பிறகும் உள்ளே 120 மில்லி தங்குகிறது. எட்டு மாதமாகப் புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த மாத்திரை. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் ரத்தச் சோதனை) 2.1. ஒன்பது மாதத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஓடுகின்றன. பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டர் டி.யூ.ஆர்.பி. (புராஸ்டேட் சதையைச் சீவி எடுக்கும் ஆபரேஷன்) செய்யலாம் என்கிறார். அத்தான் ஒருவர் நீராவி சிகிச்சை, மணிக்கட்டு வழியாகச் செய்யும் சிகிச்சை என்று இரண்டு வீடியோ அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன் வேறு இருக்கிறது. ‘கத்தி வைக்காமல் முடியுமா, எது நல்லது?’ இதுதான் கேள்வி.

நான் யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதைக்கான சிறப்பு டாக்டர்) இல்லை. சேரன்மகாதேவி வட்டாரத்தில் 28 வருஷமாகப் பொது மருத்துவம் பார்க்கிறவன். ஆனால் ஊரில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் ஒண்ணுக்குப் போகிற பிரச்சினையை முதலில் சொல்வது என்னைப் போன்ற ஆளிடம்தான். அதுவும் நேராகச் சொல்ல மாட்டார்கள். முழங்கால் வலி என்று வந்து, சீட்டு வாங்கி எழுந்து, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, ‘அப்புறம் டாக்டர்...’ என்பார்கள். அந்த ‘அப்புறம்’தான் வந்த காரியம்.

முடியும் என்பதுதான் நேர்ப் பதில். ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் எந்தக் கருவி என்பது மூன்றாவது கேள்வி. ராத்திரி எழுந்திருப்பதற்குப் புராஸ்டேட்தான் முழுக் காரணமா என்பது முதல் கேள்வி. சிறுநீர்ப்பை இன்னும் எவ்வளவு நாள் பொறுக்கும் என்பது இரண்டாவது. இவற்றைப் பார்க்காமல் லேசரா நீராவியா என்று பேசுவது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் மோட்டார் விலை விசாரிக்கிற கதை.

‘கத்தி வைக்காமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். டி.யூ.ஆர்.பி.யிலும் வெளியே கத்தி படாது, தையல் கிடையாது. எல்லாம் சிறுநீர் வருகிற வழியாகவே நடக்கிறது. அடிவயிற்றைக் கீறிச் சதையை எடுத்துவிட்டுப் பத்து நாள் படுக்கப்போட்ட பழைய ஆபரேஷன்தான் இன்னும் நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவில் இருக்கிறது. அந்தப் பயத்தை முதலில் அப்பாவிடமிருந்து இறக்கிவையுங்கள். பாதிப் பேர் தள்ளிப்போடுவதற்குக் காரணம் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புராஸ்டேட் சிறுநீர்ப்பையின் கழுத்தடியில் சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற சுரப்பி. வாலிபத்தில் சுமார் 20 கிராம். அறுபது வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் வளர்ந்திருக்கும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் தனித்தனியாக இருக்கலாம், அது வேறு சங்கதி. ஸ்கேன் சீட்டில் உள்ள கிராம் எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நூறு கிராம் வைத்துக்கொண்டு விடிய விடியத் தூங்குகிறவரும் உண்டு, 35 கிராமில் மூத்திரம் அடைத்து டியூப் போட்டுக்கொண்டவரும் உண்டு. உங்கள் அப்பா கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர், அவருக்கு இது உடனே புரியும். வாய்க்காலில் எவ்வளவு மண் கிடக்கிறது என்பதைவிட, மடைவாயில் ஒரு கல் உருண்டு வந்து உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அவருக்கு உள்ளே துருத்திக்கொண்டிருக்கிற நடு மடல் அந்தக் கல். முக்க முக்க அது போய் வாயை அடைக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சில சிகிச்சைகளைத் தள்ளிவைக்க இதுதான் காரணமாகப் போகிறது.

முதல் கேள்விக்குப் பதில் தேட ஒரு நோட்டும் ஒரு பாட்டிலும் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிவிட்டு, வீட்டில் மருந்து ஊற்றுகிற அளவுக் கோப்பையால் தண்ணீர் ஊற்றி 100, 200, 300 என்று பேனாவால் கோடு போடுங்கள். மூன்று நாள், ராப்பகல், எத்தனை மணிக்கு எவ்வளவு போனார் என்று எழுத வேண்டும். காலையில் எழுந்து முதலில் போவதும் ராத்திரிக் கணக்கில்தான் சேரும். ஒரு நாளின் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் வந்தால், இந்த வயதில் அது சிறுநீர் அதிகமாகச் சுரப்பது. அடைப்பு மட்டுமே காரணமாக இருக்காது.

முக்கூடல் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வேறொரு ஊரில் ஆபரேஷனை முடித்துவிட்டு என்னிடம் வந்தார். தாரை நன்றாக வருகிறது, ஆனால் ராத்திரி நாலு தடவை அப்படியே இருக்கிறது, காசு போச்சு என்று புலம்பினார். நோட்டு எழுதச் சொன்னேன். ஒரு நாளைக்கு 1,900 மில்லி. அதில் 950 ராத்திரியில். பகல் முழுக்கக் கடையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதால் சாயங்காலம் இரண்டு காலும் வீங்கும். படுத்ததும் அந்த நீரெல்லாம் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்குப் போய்விடும். போதாததற்கு ஒன்பது மணிக்கு ஒரு சொம்புப் பால். மத்தியானம் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுப்பதும், பாலை ஆறு மணிக்கு நகர்த்துவதும், பிரஷர் மாத்திரையைச் சரிபார்ப்பதும் அவருக்குச் செய்த அளவுக்கு அந்த ஆபரேஷன் செய்யவில்லை. சர்க்கரையும், தூக்கத்தில் மூச்சு அடைத்துக் குறட்டை விடுவதும்கூட இப்படிச் செய்யும். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதால் கால் வீக்கம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி சிறுநீர்ப்பை பற்றியது. அடைப்பை எதிர்த்து அது வருஷக்கணக்கில் முக்கி, சுவர் தடித்து, கடைசியில் ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகு வழியை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் தள்ள ஆள் இருக்காது. உள்ளே தங்கும் 120 மில்லியால் மட்டும் இப்போதைக்குப் பதற வேண்டியதில்லை. ஆனால் அது முந்தைய ஸ்கேனில் 40 ஆக இருந்து இப்போது 120 ஆகியிருந்தால் கதை வேறு. பழைய ஸ்கேன் சீட்டுகளைத் தேடி எடுங்கள். யூரோஃப்ளோ என்று ஒரு சோதனை: ஒரு புனலில் சிறுநீர் கழித்தால் வேகத்தை மெஷின் வரைந்து காட்டும். விநாடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் பொதுவாகக் கவலையில்லை, பத்துக்குக் கீழே என்றால் அடைப்பு அல்லது ஓய்ந்த பை. குறைந்தது 150 மில்லியாவது போனால்தான் அந்த அளவீடு செல்லும். பலர் வெட்கப்பட்டு அரைகுறையாக 60 மில்லி போய்விட்டு, ரிப்போர்ட் மோசம் என்று கலங்கி நிற்கிறார்கள்.

மூத்திரம் அடிக்கடி முழுசாக அடைத்துக்கொள்வது, திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று, பையில் கல், ரத்தம் போவது, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) ஏறுவது அல்லது சிறுநீரகம் வீங்கியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘சின்ன’ சிகிச்சை பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு அடைப்பை முழுசாக எடுக்கிற வழியைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. அதனால் யோசிக்க நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தில் ஒரு கவனம். என் சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். குற்றாலம் சீசனில் அருவியில் குளித்துவிட்டுச் சளியோடு வந்த ஒரு பெரியவருக்கு, புராஸ்டேட் பற்றிக் கேட்காமலே, மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கிற சாதாரணக் கூட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு மகன் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தான். அடிவயிறு ஏழு மாதக் கர்ப்பிணி போல. வேர்த்து ஊற்றுகிறது, உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஜெல்லி தடவி டியூபை மெதுவாக உள்ளே விட்டதும் சிறுநீர் இறங்க ஆரம்பித்தது. 900 மில்லிக்குக் கொஞ்சம் மேல். பாதி இறங்கியதுமே கண்ணை மூடிக்கொண்டு, ‘எய்யா... இப்பதான் உயிர் வந்திருக்கு’ என்றார். அந்த மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமின் பையைச் சோம்பேறியாக்கும், ஃபினைலெஃப்ரின் அதன் கழுத்தை இறுக்கும். ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறவருக்கு இரண்டும் சேர்ந்தால் அவ்வளவுதான். உங்கள் அப்பாவுக்குச் சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே போன் போட்டு நிறுத்துங்கள்.

இனி சிகிச்சைகள். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தெரிந்தால் எது யாருக்கு என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும்.

டி.யூ.ஆர்.பி. 1930-களிலிருந்து இருப்பது. முதுகில் மரப்பு ஊசி போட்டு, மின்சாரம் ஓடும் சின்னக் கம்பி வளையத்தால் சதையைச் சீவிச் சீவி எடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் மருத்துவமனை. தாரை உடனே, நன்றாக வரும். முன்பெல்லாம் கிளைசின் கரைசலை ஓடவிட்டுச் செய்தபோது அது ரத்தத்தில் ஏறி உப்பு குறைந்து ஆள் குழம்பிப் போவது உண்டு. இப்போது பைபோலார் கருவியில் சாதாரண சலைனிலேயே செய்கிறார்கள், அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. ரத்தக் கசிவு மட்டும் இன்னும் உண்டு. 80 கிராம் வரை வசதி. ‘பழைய முறை’ என்று அத்தான் இளக்காரமாகச் சொல்லியிருப்பார். புதிது எது வந்தாலும் இன்றைக்கும் இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

லேசரில் பல வகை இருந்தாலும் பேச வேண்டியது ஹோலெப். ஹோல்மியம் லேசரால் உள்சதையை அதன் ஓட்டிலிருந்து முழுசாகப் பிரிப்பது. நுங்கைப் பெருவிரலால் நெம்பி எடுக்கிறோமே, கண் முழுசாக வந்துவிடும், ஓடு அப்படியே நிற்கும், அதே வேலை. பிரித்த சதையைப் பைக்குள் தள்ளி, அங்கே வைத்து அரைத்து உறிஞ்சி எடுப்பார்கள். 1990-களில் நியூசிலாந்தில் வளர்த்தெடுத்த முறை. 60 கிராமானாலும் 160 கிராமானாலும் செய்யலாம். மறுபடி வளர்ந்து தொந்தரவு கொடுப்பது அபூர்வம். ரத்தக் கசிவு குறைவு என்பதால் ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு டி.யூ.ஆர்.பி.யைவிட ஏற்றது. குறை இரண்டு. முதல் சில வாரங்கள் இருமினால் தும்மினால் சொட்டும், பெரும்பாலோருக்குச் சில மாதத்துக்குள் நின்றுவிடும். இரண்டாவது, இது கை பழக வேண்டிய வேலை. ஹோல்மியம் மெஷின் கல் உடைக்கவும் பயன்படுவதால் பல இடங்களில் இருக்கும். மெஷின் இருப்பது வேறு, ஹோலெப் கை இருப்பது வேறு. ‘நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

அத்தான் அனுப்பிய நீராவி வீடியோ ரெசூம் என்பதாக இருக்கும். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டால் கொதிநீர் பட்டதைவிட மோசமாகச் சுடுகிறதே, ஏன்? ஆவி தோலில் பட்டு நீராகும் அந்தக் கணத்தில், தான் சுமந்து வந்த வெப்பத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. அதையேதான் இங்கே செய்கிறார்கள். சிறுநீர் வழியாக ஒரு கருவியை விட்டு, அதன் நுனி ஊசியைச் சதைக்குள் குத்தி, 103 டிகிரி செல்சியஸ் ஆவியை 9 விநாடி விடுவார்கள். மடலின் நீளத்துக்கேற்ப இப்படிச் சில குத்துகள். மொத்தம் கால் மணி நேர வேலை, பெரும்பாலும் அன்றைக்கே வீடு. நடு மடலுக்கும் செய்யலாம்.

வீடியோவில் சொல்லாதது அதற்கப்புறம் வருகிற வாரங்கள். வெந்த சதை உடனே மறைந்துவிடாது. முதலில் வீங்கும், பிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். அதனால் மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை டியூப் இருக்கும். டியூப் எடுத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் எரிச்சலும் அவசரமும் முன்பைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். முழுப் பலன் தெரிய மூன்று மாதம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், பத்தாம் நாள் அப்பா உங்களுக்குப் போன் போட்டு ‘என்னத்தப்பா செஞ்சு வச்சிருக்கீங்க’ என்பார். அமெரிக்காவில் 2015-இல் அனுமதி கிடைத்த சிகிச்சை, 30 முதல் 80 கிராம் வரைக்கு. ஐந்து வருஷம் பின்தொடர்ந்த ஆய்வில் நூற்றில் நாலைந்து பேருக்கு மறுபடி ஏதாவது செய்ய வேண்டிவந்தது, பதினோரு பேர் போல மீண்டும் மாத்திரைக்குப் போனார்கள். மோசமில்லை. ஆனால் தாரையின் வேகம் டி.யூ.ஆர்.பி. அளவுக்கு ஏறாது, ஏறக்குறைய பாதி ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு வழியாகச் செய்வது புராஸ்டேட் ரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சை. இதைச் செய்பவர் யூராலஜிஸ்ட் அல்ல, ஆஞ்சியோ மாதிரி வேலைகள் செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ மெல்லிய குழாயை நுழைத்து, புராஸ்டேட்டுக்குப் போகும் தமனிவரை கொண்டுபோய், மணல் போன்ற நுண்மணிகளை விட்டு அடைப்பார்கள். மடையை அடைத்தால் வயல் காய்ந்து வெடித்துச் சுருங்குவது போலச் சதை சுருங்கும். பிரேசிலில் 2008-இல் முதன்முதலாக இந்த வீக்கத்துக்குச் செய்தார்கள், அமெரிக்காவில் 2017-இல் அனுமதி வந்தது. மயக்க மருந்து வேண்டாம், சிறுநீர் வழியை யாரும் தொடுவதில்லை, மிகப் பெரிய புராஸ்டேட்டுக்கும் ஆகும். இதயம் நுரையீரல் பலவீனமாகி, ஆபரேஷன் தாங்க மாட்டார் என்று கைவிட்டவர்களுக்கு இது வரம்தான். ஆனால் வயதானவர்களின் தமனி வளைந்து நெளிந்து கெட்டிப்பட்டிருந்தால் குழாய் போய்ச் சேராமலும் போகலாம். சாயம் செலுத்துவதால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். கல் மாதிரி மடைவாயில் உட்கார்ந்திருக்கும் நடு மடல் சுருங்கினாலும் அதே இடத்தில் அடைத்துக்கொண்டு நிற்கலாம் என்பதுதான் உங்கள் அப்பா விஷயத்தில் என் தயக்கம்.

யூரோலிஃப்ட் என்பது எதையும் வெட்டாமல் சுடாமல், இரண்டு பக்கச் சதையையும் சின்னக் கொக்கிகளால் ஒதுக்கிக் கட்டுவது, ஜன்னல் திரையை ஒதுக்கிக் கட்டுகிற மாதிரி. அமெரிக்காவில் 2013-இல் வந்தது. மறுநாளே எழுந்து நடமாடலாம், பலருக்கு டியூபே தேவைப்படாது. ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு 13, 14 பேருக்கு மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது. பக்க மடல்கள் மட்டும் வளர்ந்த, அளவான புராஸ்டேட்டுக்குத்தான் இது அழகாக வேலை செய்யும். துருத்திய நடு மடலுக்கு நான் அனுப்ப மாட்டேன். ஐந்தாறு நாள் உள்ளே வைத்திருந்து எடுத்துவிடும் ஐடின்ட் என்ற கம்பிச் சாதனமும் அப்படித்தான், நடு மடல் இருந்தால் வேண்டாம். ரோபோ வழிநடத்தும் தண்ணீர்த் தாரையால் சதையை அறுக்கும் அக்வாப்ளேஷன் கேட்க நன்றாக இருக்கும். சூடு படாததால் ரத்தம் நிற்பதில்தான் சிக்கல், குளோபிடோக்ரல் ஓடும்போது அந்தப் பக்கமே பார்க்க வேண்டாம்.

வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் பற்றியும் கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள். மடைவாய்க் கல் என்று சொன்னேனே, அந்த நடு மடலை நகர்த்த அவற்றால் முடியாது. கிரியாட்டினின் ஏறியிருந்தால் வாழைத்தண்டிலுள்ள பொட்டாசியம் ஆபத்தும்கூட.

நீங்கள் கேட்காத ஒன்று. பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை, அப்பாக்களும் பிள்ளைகள் முன்னால் வாய் திறப்பதில்லை. இந்த இடம் வந்தால் நான் மகனை வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லுவேன். டி.யூ.ஆர்.பி. செய்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கும், ஹோலெப் செய்தவர்களில் அதற்குக் கொஞ்சம் கூடுதலானவர்களுக்கும், உறவின்போது விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய்விடும். விறைப்பு பெரும்பாலும் கெடாது, உடம்புக்கும் கெடுதல் இல்லை, சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆனால் முன்பே சொல்லாவிட்டால் ஆள் இடிந்துபோவார், வெளியே சொல்லவும் மாட்டார். ரெசூமிலும் யூரோலிஃப்டிலும் இந்தக் குறை அபூர்வம். அவை வந்ததற்கே இது ஒரு முக்கியக் காரணம். 69 வயதில் அவருக்கு இது பொருட்டா இல்லையா என்பதை நீங்களும் முடிவு செய்ய முடியாது, நானும் முடியாது. போன வருஷம் 72 வயதுக்காரர் ஒருவர், ‘அதெல்லாம் எதுக்கு டாக்டர் கேட்டுக்கிட்டு’ என்று சிரித்துவிட்டு, ரெண்டு நிமிஷம் கழித்து, ‘சரி, அந்த நீராவியே பார்ப்போம்’ என்றார்.

பி.எஸ்.ஏ. 2.1 என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். டூட்டாஸ்டெரைடு ஆறு மாதம் சாப்பிட்டவருக்கு அந்த எண் பாதியாகிவிடும்; அதனால் இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும். 4.2 ஆகிறது. 62 கிராம் புராஸ்டேட்டுக்கு இது பயப்படுகிற எண் இல்லை, ஆனால் கண்டுகொள்ளாமல் விடுகிற எண்ணும் இல்லை. ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. சொல்வார்கள். இதை ஏன் இப்போதே முடிக்கச் சொல்கிறேன் என்றால், டி.யூ.ஆர்.பி.யிலும் ஹோலெப்பிலும் எடுத்த சதை பரிசோதனைக்குப் போகும், ஒளிந்திருப்பது ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும். நீராவியிலும் ரத்தக்குழாய் அடைப்பிலும் கொக்கியிலும் பரிசோதிக்கச் சதையே கிடைக்காது.

அடுத்தது ஸ்டென்ட். மாரடைப்புக்குப் பிறகு வைத்ததென்றால் இரண்டு மாத்திரையும் பொதுவாக ஒரு வருஷம் ஓட வேண்டும். ஒன்பது மாதத்தில் ஒரு ஆபரேஷனுக்காகக் குளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், அது உயிர் போகிற காரியம். இதய டாக்டர் எழுத்தில் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. மூத்திரம் அடைக்காத வரைக்கும் இன்னும் மூன்று மாதம் மாத்திரையில் ஓட்டலாம். அதற்குப் பிறகு குளோபிடோக்ரலை மட்டும் சில நாள் நிறுத்தி, ஆஸ்பிரினைத் தொடர்ந்தபடியே பல சிகிச்சைகளைச் செய்ய முடியும்.

இவர் என் சித்தப்பாவாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால்: இந்த மூன்று மாதத்தில் நோட்டு, யூரோஃப்ளோ, பி.எஸ்.ஏ. மூன்றையும் முடிப்பேன். ராத்திரிச் சிறுநீர் அதிகம் என்று நோட்டு சொன்னால் முதலில் அதைக் குறைப்பேன். பிறகும் தொந்தரவு இருந்தால், கை பழகிய ஒருவரிடம் ஹோலெப். அவருக்கு அந்த விந்து விஷயம் பொருட்டு என்றாலோ, இதய டாக்டர் மயக்க மருந்துக்குத் தயங்கினாலோ ரெசூம். அந்த இரண்டுக்கும் வழியில்லாதபோதுதான் மணிக்கட்டு வழி. பாளையங்கோட்டை டாக்டர் டி.யூ.ஆர்.பி. என்று சொன்னதிலும் தப்பில்லை. 62 கிராமுக்கு அது சரியான சிகிச்சைதான். ‘ஸ்டென்டுக்கு ஒரு வருஷம் ஆகட்டுமா, பைபோலாரா?’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அவரிடம் கேளுங்கள்.

இடமும் பணமும். டி.யூ.ஆர்.பி.க்காக எங்கும் அலைய வேண்டாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே யூராலஜிப் பிரிவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை தனியாரிலும் உதவும். ரெசூம், யூரோலிஃப்ட் போன்றவை பெருநகரங்களில்தான் அதிகம். அவற்றில் ஒரு தடவை மட்டும் பயன்படும் கருவியின் விலையே பெரிய செலவு. காப்பீடு தருமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் செய்தால் டியூப் எடுக்கும்வரை அங்கேயே தங்கவைத்துக்கொள்வது நல்லது. பையை மாட்டிக்கொண்டு ராத்திரி ரயிலில் வருவது அவருக்கும் சங்கடம், பக்கத்து சீட்டுக்காரருக்கும் சங்கடம். இப்போதும்கூடத் திருநெல்வேலிக்கு வரும்போது பஸ்ஸை விட்டுவிட்டுச் செங்கோட்டை பாசஞ்சரில் வரச் சொல்லுங்கள், ரயிலில் கக்கூஸ் இருக்கிறது. என் நோயாளிகளில் பல பேர் யாரும் சொல்லாமலே அப்படி மாறிக்கொண்டவர்கள்.

சதையை எடுக்கிற சிகிச்சை எதுவானாலும் பத்தாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில் உள்ளே பொருக்கு உதிரும், அப்போது மறுபடி ரத்தம் தெரியலாம். விவசாயிகளிடம் இதைத்தான் நான் அழுத்திச் சொல்வது, ஏனென்றால் பத்தாம் நாள் உடம்பு லேசாகத் தெரிந்ததும் வரப்பில் பைக்கை ஓட்டிக்கொண்டு மோட்டார் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு மாதம் டிராக்டர் வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தக் கட்டி வந்து அடைத்தாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, போகிற போக்கில் கண்புரை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை நான் போகிற போக்கில் விட முடியாது. டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்குக் கருவிழிக்குள் இருக்கும் திரை தளர்ந்து, ஆபரேஷன் நடக்கும்போது கொடியில் காயும் துணி காற்றில் அடிப்பது போல ஆடும்; கண்பாப்பாவும் விரியாமல் சுருங்கிக்கொண்டே வரும். முன்பே தெரிந்தால் கண் டாக்டர் அதற்கேற்ற மருந்தோடும் கருவியோடும் தயாராக இருப்பார், தெரியாமல் போனால்தான் சிக்கல். ஏதோ பழைய மாத்திரைதானே, நிறுத்திவிட்டேன் என்று சொன்னாலும் போதாது, நிறுத்தி மாதக்கணக்கான பிறகும் அந்தத் தளர்ச்சி இருக்கும். கண் ஆஸ்பத்திரியில் சீட்டு போடும்போதே அந்த மாத்திரை அட்டையை அப்பாவின் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள். ‘சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா’ என்று கேட்பார்கள், ‘ஒண்ணுக்குப் போக மாத்திரை சாப்பிடுறீங்களா’ என்று கேட்காமலும் விடலாம். அவராக எடுத்து மேசையில் வைக்கட்டும்.